கருகருவென்ற பயிருக்குப் பலம் உண்டா?

கேள்வி: பனி இறங்கினாலே நெல்லில் குலைநோய் விழுகிறது. பனியா குற்றவாளி? (ராசிங்காபுரம்)

பதில்: பாதிக் குற்றவாளி. குலைநோயைக் கொண்டுவரும் பூஞ்சையின் வித்து முளைக்க இலையில் ஈரம் வேண்டும். பனி அதைக் கொடுக்கிறது. மீதி வேலை இரவுக் குளிருடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்.சதாசிவனும் அவர் குழுவினரும் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதைப் பிரித்துக் காட்டினார்கள். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, நோய் தாங்காத ரகங்களின் இலையில் குளுட்டமின் போன்ற கரையும் தழைச்சத்துப் பொருள்கள் தேங்குகின்றன. பூஞ்சை அவற்றைத் தின்றே வளர்கிறது. மலைக்காற்று இறங்கும் உங்கள் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் கண்ணை வயலிலேயே வையுங்கள்.

கேள்வி: யூரியா போட்டால் பயிர் கருகருவென்று வருகிறதே, அது பலம்தானே? (போடிநாயக்கனூர்)

பதில்: இல்லை. அளவு மீறிய யூரியா, குளிர் செய்யும் அதே கெடுதலைப் பகலிலும் செய்கிறது. கரையும் அமினோ அமிலங்கள் கூடும். இலையைக் கெட்டியாக்கும் சிலிக்காவும் பூஞ்சையைத் தடுக்கும் பீனால்களும் குறையும். பயிர் அடர்ந்து பனி உலரவும் நேரமாகும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். உரக்கடையில் கடன் சொல்லி வாங்கிய மூட்டை நோயை வளர்ப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத வித்து, இலையை எப்படித் துளைக்கிறது? (சில்லமரத்துப்பட்டி)

பதில்: அழுத்தத்தால். முளைத்த வித்து நுனியில் ஒரு குமிழ் கட்டி, அதன் சுவரில் மெலனின் பூசி, உள்ளே கிளிசராலைச் சேர்க்கிறது. தண்ணீர் உள்ளே இழுபட்டு, அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 80 மடங்கு வரை ஏறுகிறது. கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை மடங்குதான். டிரைசைக்ளசோல் மருந்து மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. குமிழுக்கு அந்த அழுத்தம் ஏறாது. அதனால் பூஞ்சை உள்ளே போன பிறகு தெளித்து அதிகப் பயனில்லை.

கேள்வி: எதிர்ப்பு ரகம் என்ன செய்து தப்பிக்கிறது? (தேவாரம்)

பதில்: சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. பூஞ்சை விடும் புரதத்தை அடையாளம் கண்டதும், தாக்கப்பட்ட செல் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து தானே செத்துப்போகிறது. உயிருள்ள செல்லில் வளர வந்த பூஞ்சை அங்கேயே சிக்கிக்கொள்கிறது. பக்கத்துச் செல்கள் மொமிலாக்டோன், சகுரானெட்டின் என்ற நஞ்சுகளைச் செய்கின்றன. கைட்டினேஸ் நொதி பூஞ்சையின் சுவரை அரிக்கிறது. நோய் தாங்காத ரகத்திடமும் இவற்றில் பல உண்டு. ஆனால் அவை எழும்புவதற்குள் பூஞ்சை பரவிவிடும்.

கேள்வி: அப்படியானால் அந்தக் கைட்டினேஸ் நொதி ஏலக்காய் அழுகலையும் தடுக்குமா? (போடிமெட்டு)

பதில்: தடுக்காது. அழுகலைக் கொண்டுவரும் பைட்டோப்தோரா உண்மையான பூஞ்சையே அல்ல. அதன் சுவர் பெரும்பாலும் குளுக்கன், செல்லுலோஸ்; கைட்டினேஸ் அரிக்கும் கைட்டின் அல்ல.

கேள்வி: எதிர்ப்பு ரகமும் சில வருடத்தில் ஏன் படுத்துவிடுகிறது? (கோடாங்கிபட்டி)

பதில்: ரகம் அடையாளம் காணும் புரதத்தைப் பூஞ்சை மாற்றிக்கொள்கிறது, அல்லது தொலைத்துவிடுகிறது. நம் கோவையில் உருவான கோ 39 இதற்கு உலகச் சாட்சி. குலைநோய்க்கு எளிதில் விழும் ரகம் என்பதாலேயே பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை எடுத்து, எதிர்ப்பு மரபணுக்களைத் தனித்தனியாக அதில் சேர்த்துச் சோதித்தது. ஆனால் கோ 39-க்குள்ளும் ஓர் எதிர்ப்பு மரபணு உண்டு. அது கண்டுபிடிக்கும் புரதம் நெல்லைத் தாக்கும் பெரும்பாலான பூஞ்சை இனங்களிடம் இப்போது இல்லை. ஆகவேதான் ஒரு மரபணுவை நம்பாமல் இரண்டைச் சேர்க்கிறார்கள்: 2021-இல் வெளியான பூசா பாஸ்மதி 1847-இல் பிஐ2, பிஐ54 இரண்டும் உள்ளன.

கேள்வி: சோளத்தட்டையில் நோய் விழுந்த இடம் செக்கச்செவேலென்று ஆகிறதே? (ராசிங்காபுரம்)

பதில்: பல ரகங்களில் அந்தச் சிவப்பு, சோளமே செய்யும் மருந்து: அபிஜெனினிடின், லூட்டியோலினிடின். பூஞ்சை நுழையும் இடத்துக்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முந்தினால் புள்ளியோடு நிற்கும். பிந்தினால் தட்டை முழுக்கச் சிவக்கும்.

கேள்வி: அதிகச் செலவில்லாமல் நாங்கள் செய்யக்கூடியது? (அணைக்கரைப்பட்டி)

பதில்: உமிச் சாம்பலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சிலிக்கா, அதை வீணாக்காமல் நாற்றங்காலில் தூவுங்கள். விதையைக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பாக்டீரியாத் தூளில் நேர்த்தி செய்யுங்கள். குலைநோய் கண்ட வயலின் விதையையும் வைக்கோலையும் மட்டும், எவ்வளவு நெருங்கிய உறவு கேட்டாலும், கொடுக்காதீர்கள். பூஞ்சை இரண்டிலும் உயிரோடு இருக்கும்.