பழி பெட்டிக்கு, கோளாறு வயருக்கு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்குபவரிடம் சின்ன விமானத்தின் ரேடியோ வயரிங்கைப் பற்றிப் பேசினால், "நம்மகிட்ட ஏதுங்க விமானம்?" என்பார். நியாயம்தான். ஆனால் லாஸ்பேட்டை ஓடுதளம் அங்கிருந்து ஆட்டோ தூரம். கடற்காற்றும் இரண்டு இடத்துக்கும் பொது. மார்க்கெட்டில் தராசுத் தட்டைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு, விமான ஆன்டெனாவின் அடிப்பாகத்தை மட்டும் மரியாதையாக விட்டுவிடுமா? ஆகவே விமானியின் காதில் கரகரப்பு கேட்டால் முதல் சந்தேகம் வயர் மீதும் எர்த் மீதும் விழவேண்டும் என்பது என் கட்சி. விழுவதென்னவோ ரேடியோப் பெட்டி மீதுதான். விலை உயர்ந்த பொருள்தானே குற்றவாளியாகத் தோதுப்படும்!

சாட்சிகளை விசாரிப்போம். விமானிகளின் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில், ஏஎம் முறையில் போகிறது. எங்கே தீப்பொறி தெறித்தாலும் ஏஎம் ரேடியோ அதையும் பேச்சென்று எண்ணி வாங்கிக்கொள்ளும். இன்ஜின் வேகம் கூடக்கூடக் காதில் ஊளையும் ஏறினால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பிடிக்கலாம். தரையில், இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களில் ஒன்றை அணைத்ததும் படபடப்பு நின்றால், அதன் வயர்களின் கவசத்தைப் பார்க்கவேண்டும். ஆன்டெனா கேபிளைக் கழற்றிய பிறகும் சத்தம் நிற்கவில்லையா? அது வானத்திலிருந்து வரவில்லை, மின்சார வயரிலோ ஹெட்செட் வயரிலோ ஏறி வருகிறது. ஹெட்செட் சொருகும் ஜாக்குக்கும் உலோகப் பலகைக்கும் நடுவே இருக்கவேண்டிய மின்கடத்தா வாஷர் காணாமல் போனாலும் இரைச்சல் கிளம்பும். அற்ப வாஷர் ஒன்று ஓடிப்போனதற்கு லட்சங்களில் விலை பேசும் பெட்டி தலைகுனிகிறது. எல்லாவற்றிலும் வேடிக்கை, பேசும் பொத்தான் சிக்கிக்கொள்வது. மீன் அங்காடியில் ஒருவர் மட்டும் ஒலிபெருக்கி மைக்கைப் பிடுங்கிக்கொண்டு திருப்பித் தராததைப் போல, அந்த அலைவரிசையில் வேறு எவரும் பேச வழியிருக்காது. பொத்தான் சிக்கிய விமானிக்கோ, யாருமே பதில் சொல்லவில்லை, ரேடியோ செத்துவிட்டது என்ற மனத்தாங்கல்.

"எஃப்எம்முக்கு மாறிவிட்டால் இரைச்சலே இருக்காதே" என்பார்கள். பெருமளவு குறையும்தான். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எஃப்எம்மில் வலுத்த குரல் மெலிந்த குரலை விழுங்கிவிடும்; ஏஎம்மில் கீச்சென்று ஒலித்து, இன்னொருவரும் பேசினார் என்று காட்டிக்கொடுக்கும். "1932-இல் ஜே.ஆர்.டி. டாடா ரேடியோவே இல்லாமல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவரவில்லையா?" என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தை: அன்று வழியில் பேசுவதற்கு ஆளே குறைவு. "பெட்டி கெடவே கெடாதா?" என்பதுதான் கனமான கேள்வி. கெடும். ஒரே மாதிரி இரண்டு ரேடியோ இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு பெட்டியோடு கூடவே போனால் குற்றவாளி பெட்டி, பழைய இடத்திலேயே நின்றால் வயர். இதையும் உரிமம் பெற்ற இன்ஜினியரை வைத்தே செய்யவேண்டும், ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் மைத்துனரை வைத்து அல்ல. புதுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன், அந்த இன்ஜினியரிடம் ஆன்டெனாவின் அடியில் படிந்த உப்பை ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள்.