ஷெட்டில் நின்ற வண்டி

திருவனந்தபுரத்தில் பழைய கார் விற்பவர்கள் சொல்வதில் தலையாயது, “கல்ஃப்காரரோட வண்டி சாரே, ஷெட்டிலேயே கிடந்தது” என்பதுதான். அடுத்தது, “டாக்டர் ஓட்டினது.” டாக்டர் ஓட்டினால் காருக்கு என்ன ஆரோக்கியம் கூடும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ஆனால் ஷெட்டில் கிடக்கும் காருக்கு என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் என் வீட்டு வாசலில் நிற்கிறது. ஓடாத காரில்தான் பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும், எலி வயரிங்கில் குடித்தனம் வைக்கும். டயரில் பட்டன் தேயாமல் பளிச்சென்று இருக்கும். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு எண்களைப் பார்த்தால்தான் வயது தெரியும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முதலாளி துபாயில் உழைத்துத் தேய, வண்டி இங்கே சும்மா இருந்தே தேய்ந்திருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தேதான் வாங்கினேன். நான்கு கதவு, நீளமான டிக்கி, ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜின். கம்பெனி பெயர் வேண்டாம். அவர்களே இந்த மாடலை மறந்துவிட்ட பிறகு நான் ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்? சில சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பழைய செடான் பேசும். முன்பக்கம் ‘கடகட’ என்றால் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயின்ட். வேகம் கூடக் கூட ‘உர்ர்’ என்பதும் கூடினால் வீல் பேரிங். காலையில் ‘கீச்’ என்றால் ஃபேன் பெல்ட். வர்க்‌ஷாப் ஆசானிடம் போனில் இவற்றை வாயாலேயே ஒலித்துக் காட்டும் அளவுக்கு நான் தேறியிருக்கிறேன். கண்ணை மூடிக் கேட்பார்போல. கொஞ்ச நேரம் பதிலே வராது. பிறகு, “சாரமில்ல சாரே, கொண்டு வரூ” என்பார். பக்கத்து அறையில் மனைவி தன் தங்கையிடம், “ஒண்ணுமில்ல, அத்தான் மெக்கானிக்கிட்ட பேசுதாவ” என்று விளக்கிக்கொண்டிருப்பாள்.

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். குடப்பனக்குன்னு ஏற்றத்தில் முன்னால் பஸ் நின்றுவிட்டால், ஹேண்ட் பிரேக்கை நம்பாதவர்கள் பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவார்கள். கிளட்ச் பிளேட்டின் ஆயுள் அங்கேதான் கரைகிறது. பிளேட்டை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். “இறக்கியாச்சுன்னா பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து மாத்திடலாம் சாரே” என்பார் ஆசான். அவர் சொல்வது நியாயம். பேரிங்குக்காக இன்னொரு தடவை கியர்பாக்ஸை இறக்கினால், பேரிங் விலையைவிடக் கூலி பல மடங்கு. பழைய காரில் பாகத்தின் விலை வேறு, அந்தப் பாகத்தைப் போய்ச் சேரும் வழியின் விலை வேறு. பில்லில் பெரிதாக இருப்பது எப்போதும் வழிச்செலவுதான்.

அடுத்தது சூடு. ரேடியேட்டரின் இரு ஓரத்துத் தொட்டிகளும் பிளாஸ்டிக். வருஷக்கணக்கில் வெந்து, மயிரிழை விரிசல் விட்டு, கூலன்ட் சொட்டுச் சொட்டாக வெளியேறும். மேட மாத வெயிலில் கேசவதாசபுரம் சிக்னலில் டெம்பரேச்சர் முள் மேலே ஏற ஆரம்பித்தால், வண்டியை ஓரங்கட்ட இடம் கிடைக்கும்வரை ஒரு கைவைத்தியம் உண்டு: ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்ப வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டை வாங்கி உள்ளே இருப்பவர்கள் முகத்தில் ஊதும். இன்ஜின் பிழைக்கும். “என்னங்க, வெளிய அடிக்கிற வெயிலு பத்தாதுன்னா இதையும் போட்டிய?” என்று மனைவி கேட்டபோது, ஹெட் கேஸ்கெட் போனால் ஆகும் செலவைச் சொன்னேன். அதற்கப்புறம் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு மௌனமாக ஒத்துழைத்தாள்.

இடவப்பாதியும் துலாவர்ஷமும் என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். பலா மரத்தடியில் நிறுத்தினால், வைப்பருக்குக் கீழே இருக்கும் வடிகால் ஓட்டையைச் சருகு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் காலடிக் கம்பளத்துக்கு வந்துசேரும். தம்பானூரில் மழைநீர் தேங்குவதைத் தடுக்க 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று அரசே ஓடைகளைத் தூர்வாரியது. இருந்தாலும் மேகம் கறுத்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. இன்ஜின் காற்றோடு தண்ணீரையும் இழுத்துவிட்டால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சங்குமுகம் கடற்காற்றோ மழைக்காகவெல்லாம் காத்திருக்காது. அது கொண்டுவரும் துரு ரன்னிங் போர்டின் அடிவயிற்றிலிருந்து ஆரம்பிக்கும்.

இயற்கை விட்டுவைத்ததை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. ரயிலில் முதியோர் சலுகையை 2020இல் நிறுத்தினார்கள். முதிய கார்களிடம் இன்னும் கறார். 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். கேரள அரசு 2025-26 பட்ஜெட்டில், 15 வயது தாண்டிய, 750 முதல் 1,500 கிலோ வரை எடையுள்ள கார்களுக்கான ஐந்தாண்டு வரியை 8,600இலிருந்து 12,900 ரூபாயாக உயர்த்தியது. மூன்றாம் நபர் காப்பீடு 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இதில் மட்டும் வயது பார்ப்பதில்லை. போய் இடிப்பதில் பழைய கார், புதிய கார் என்ற பேதமில்லை என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் நான் உண்மையில் பயப்படுவது சத்தமே போடாத ஒரு பாகத்துக்குத்தான்: டைமிங் பெல்ட். ரப்பர் பட்டை. தேயும்போது முனகாது, அறுவதற்கு முன் எச்சரிக்காது. அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு இன்ஜின் கதை முடிந்தது. “பெல்ட் எப்போ மாத்தினது?” என்று கேட்டால் எந்தக் கார் விற்பவரும் “புதுசு” என்றுதான் சொல்வார். பில் காட்டாத புதுசு பழசுதான். எனவே வாங்கியவுடன் அதை மாற்றிவிட்டு, பெல்ட்டுக்குப் பின்னால் இருந்த வாட்டர் பம்பையும் மாற்றி, பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காயும் உடைத்தேன். மூன்றில் தேங்காய்தான் மலிவு.

பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகப் பத்து லட்ச ரூபாய் செடான் வாங்கியிருக்கிறார். வண்டியில் ஒரு முனகல் இல்லை. ஆனால் காப்பீட்டுக்காரர்களின் தேய்மான அட்டவணைப்படி ஐந்தாவது வருஷத்தில் அதன் மதிப்பு பாதி. சராசரியாக வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அவர் வண்டியிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறார். என் வண்டி ஒவ்வொரு ஆயிரத்தையும் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறது. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அவர் நஷ்டத்தில் பாதிகூட வராது.

இதை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் செரி சாரே. பின்னே நாகர்கோவிலுக்குப் போகணும்னா மட்டும் ஏன் பஸ்ஸில போறீங்க?” என்றார்.

பஸ்ஸும்தான் கடகடக்கிறது. ஆனால் அதற்குச் செலவு பண்ண வேண்டியவர் போக்குவரத்து மந்திரி.