கேள்வி-பதில்: செல்லுக்குள் ஒரு தள்ளுமுள்ளு

கேள்வி: காலையில் சாப்பிட்ட நாலு இட்லி, நான் மாடிப்படி ஏறும் சக்தியாக மாறுவது எப்படி?

பதில்: நேராக மாறுவதில்லை. நடுவில் பெரிய தள்ளுமுள்ளு ஒன்று நடக்கிறது. இட்லி குளுக்கோஸாகி உடையும்போது பிரியும் எலெக்ட்ரான்கள், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்விலுள்ள புரதங்களிடம் கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் நீங்கள் மூச்சில் இழுத்த ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன. போகும் வழியில் மூன்று இடங்களில், கிடைத்த ஆற்றலை வைத்துப் புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. வெளியே போனவை உள்ளே திரும்பத் துடிக்கும், சவ்வு விடாது. அவற்றுக்கென்று இருக்கும் வாசலில் ஒரு சக்கரம். சொர்க்கவாசலில் முண்டும் கூட்டத்தைக் கொண்டு ஒரு செக்கைச் சுற்றவைத்தால் எப்படி இருக்கும்? ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம் அதைத்தான் செய்கிறது. நம் உடம்பில் எட்டு புரோட்டான் நுழைந்தால் சக்கரம் ஒரு சுற்று. சுற்றுக்கு மூன்று ஏடிபி மூலக்கூறுகள். தசைக்கு ஏடிபிதான் ரொக்கம்.

கேள்வி: எங்கள் டீச்சர் இதை அணைக்கட்டு என்றார். சரிதானே?

பதில்: நல்ல உவமை, ஆனால் பாதிதான். அணையில் தண்ணீரின் உயரம் மட்டும் வேலை செய்கிறது. இங்கே வெளியில் புரோட்டான் நெரிசல் ஒருபக்கம். அவை நேர்மின் சுமை உடையவை என்பதால் உள்ளிருந்து மின் இழுப்பு இன்னொரு பக்கம். மைட்டோகாண்ட்ரியாவில் பெரிய பங்கு இந்த மின் இழுப்புக்கே. அளவு சுமார் 150 மில்லிவோல்ட், டார்ச் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 3 கோடி வோல்ட்! காற்றைப் பிளந்து தீப்பொறி பறக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

கேள்வி: இதை முதலில் சொன்னவர் யார்?

பதில்: பிரிட்டனின் பீட்டர் மிட்செல், 1961இல். உணவுக்கும் ஏடிபிக்கும் நடுவே ஏதோ ஒரு ரசாயனப் பொருள் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பொருளே வேண்டாம், சவ்வின் இரு பக்கத்து வித்தியாசமே போதும் என்றார் அவர். எளிதில் யாரும் ஏற்கவில்லை. அவர் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, சக ஆராய்ச்சியாளர் ஜெனிஃபர் மாயிலோடு அங்கேயே ஆராய்ந்தார். 1978இல் நோபல் பரிசு வந்தது.

இதற்குச் சான்றாக எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறு இருவருடையது. 1966இல் ஜேகன்டார்ஃபும் உரீபேயும் வழக்கமாக வெளிச்சத்தைக் கொண்டு ஏடிபி செய்யும் பசலைக்கீரையின் பசுங்கணிகங்களை இருட்டில், புரோட்டான் மிகுந்த அமிலத்தில் ஊறவைத்து, சட்டென்று காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். வெளிச்சமே இல்லாமல் ஏடிபி உருவானது. வித்தியாசம் மட்டும் போதும் என்பதற்கு இதைவிட அழகான சாட்சி ஏது?

கேள்வி: புரோட்டான்கள் வேறு வழியாக ஒழுகினால் உடம்பு இளைக்குமாமே?

பதில்: இளைக்கும், உயிரும் போகும். டைநைட்ரோபீனால் என்ற பொருள் அந்த ஒழுக்கைத்தான் உண்டாக்குகிறது. 1930களில் அமெரிக்காவில் இதை மெலிவதற்கான மாத்திரையாக விற்றார்கள். சக்கரம் சுற்றாமல் ஆற்றலெல்லாம் சூடாகி, உடம்பு கொதித்துச் சிலர் இறந்தார்கள். சிலருக்குக் கண்புரை வந்தது. இன்றும் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ஒழுக்கு என்றாலே ஆபத்தா?

பதில்: இல்லை, அளவோடு ஒழுகினால் அது வரம். பிறந்த குழந்தைக்குக் குளிரில் சரியாக நடுங்கத் தெரியாது. அதன் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அங்கே ஒரு புரதம் புரோட்டான்களை வேண்டுமென்றே வேறு வழியாக உள்ளே விட்டு, அந்த ஆற்றலைச் சூடாக்கிக் குழந்தையைக் காக்கிறது. அடுத்த முறை பச்சைக்குழந்தையைத் தூக்கும்போது அந்தத் தோள்பட்டை நடுவில் கை வைத்துப் பாருங்கள்.