அட்டைப் பெட்டிக்கு முன்னால் ரிமோட் கார் எம்மாத்திரம்?

கேள்வி: மருமகனின் முதல் பிறந்தநாளுக்கு விளக்கெரிந்து, பாட்டுப் பாடி, ரிமோட்டில் ஓடும் கார் வாங்கிக் கொடுத்தேன். அவன் காரை ஓரம் தள்ளிவிட்டு, அது வந்த அட்டைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். கார் 2,800 ரூபாய், பெட்டி இனாம். இது என்ன நியாயம்?
— மனம் நொந்த தாய்மாமன், திருநெல்வேலி

பதில்: விலைச்சீட்டு படிக்கத் தெரியாதவரிடம் நியாயம் கேட்கலாமா? ஆறுதலுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் விளையாட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. காலத்தை வென்ற பொம்மைகளைத் தேர்ந்தெடுத்து அங்கே ஒரு புகழ் மண்டபத்தில் சேர்க்கிறார்கள். 2005-ல் அந்த மண்டபத்துக்குள் வெறும் அட்டைப் பெட்டி நுழைந்தது. 2008-ல் மரக்குச்சி. நிபுணர்கள் கூடிப் பேசி எட்டிய முடிவை உங்கள் மருமகன் ஒரே நிமிடத்தில் எட்டிவிட்டான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி ஏன் ஜெயித்தது என்று கேட்டால், ‘குழந்தைகளுக்கு எளிமைதான் பிடிக்கும்’ என்று பலரும் கண்ணில் நீர் ததும்பச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எளிமை, ஆடம்பரம் எல்லாம் நம் கணக்கு. ஒரு வயதுப் பிள்ளை தங்கச் சங்கிலியையும் ஈர்க்குச்சியையும் ஒரே மரியாதையோடுதான் வாயில் வைக்கிறது. அதற்கு வேண்டியது வேறு: தான் ஒன்றைச் செய்ய வேண்டும், அதனால் ஒன்று நடக்க வேண்டும், வேறு மாதிரி செய்தால் வேறு மாதிரி நடக்க வேண்டும். இப்போது உங்கள் காரைப் பாருங்கள். ஓடுவது கார், பாடுவது கார், மினுக்குவதும் கார், ரிமோட்டோ மாமா கையில். பிள்ளைக்கு மிஞ்சியது கைதட்டும் உத்தியோகம். பெட்டி அப்படியில்லை, தானாக ஒன்றுமே செய்யாது. ஏறினால் நெளிகிறது, தட்டினால் ஒலிக்கிறது, கவிழ்த்தால் வீடாகிறது, கடித்தால் ஊறுகிறது. அத்தனைக்கும் காரணகர்த்தா உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்தப் பொடியன்.

இந்த ஆசை பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. 1960-களில் கேரலின் ரோவி-கோலியர் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் ஆராய்ச்சி வேலையைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் கிடைக்காதா என்று, அழுத தன் கைக்குழந்தையின் கணுக்காலில் நாடாவைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மைகளில் இணைத்தார். கால் உதைத்தால் பொம்மைகள் ஆடும். குழந்தை சீக்கிரமே கண்டுபிடித்து, ஓயாமல் உதைக்க ஆரம்பித்தது. 1969-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. குழந்தைகளின் ஞாபகசக்தியை அளக்கும் பிரபலமான முறையாகவும் வளர்ந்தது. அதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். மெல்ல உதைத்தால் பொம்மை மெல்ல ஆடியது, வேகமாக உதைத்தால் வேகமாக ஆடியது. அடுத்த கேள்விக்கு இது உதவும்.

கேள்வி: தொழிலில் மண் அள்ளிப் போடுகிறீர்களே! எங்கள் கடையில் விற்கும் பொம்மையிலும் பிள்ளைதான் பொத்தானை அமுக்குகிறது, மாடு ‘மா’ என்கிறது. செய்கை இருக்கிறது, விளைவும் இருக்கிறது. பெட்டி, தம்ளர் போன்ற வீட்டுச் சாமானில் மட்டும் அப்படி என்ன விசேஷம்?
— பொம்மைக் கடை உரிமையாளர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி, லாபத்தோடு கேட்ட கேள்வி. உண்மைதான், முதல் நாள் அந்த மாட்டுக்குக் கிடைக்கும் வரவேற்பு தம்ளருக்குக் கிடைக்காது. ஆனால் உங்கள் மாட்டுக்கு ஒரே பதில்தான் தெரியும். மெல்லத் தொட்டாலும் ‘மா’, ஓங்கி அறைந்தாலும் ‘மா’, மூக்கால் அமுக்கினாலும் அதே ‘மா’. பிள்ளை கேட்கும் கேள்வி மாறுகிறது, பதில் மாறுவதில்லை. எவர்சில்வர் தம்ளர் அப்படியா? கரண்டியால் தட்டினால் ஓர் ஒலி, கையால் தட்டினால் வேறு. சிமெண்டுத் தரையில் உருட்டினால் ஊரைக் கூட்டும், பாயில் உருட்டினால் வாய் பொத்திக்கொள்ளும். வாயருகே வைத்துக் கூவினால் தன் குரலையே வேறொருவர் குரலாகத் திருப்பிக் கொடுக்கும். தண்ணீர் ஊற்றலாம், கவிழ்க்கலாம், சின்னத் தம்ளரைப் பெரிய தம்ளருக்குள் போடலாம். பெரியதைச் சின்னதற்குள் போட முடியாது என்ற மகத்தான உண்மையைப் பத்து நாள் போராடித் தெரிந்துகொள்ளலாம். எந்த விசையில் என்ன நடக்கும் என்று அளந்து பார்க்க அந்தத் தொட்டில் நாடா இடம் கொடுத்தது. தம்ளரும் அதே ஜாதி.

பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வட அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா சோசா, 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோரும் வீட்டில் விளையாடும்போது நடக்கும் பேச்சைப் பதிவு செய்தார். மின்சார பொம்மைகள், மரப் புதிர்களும் கட்டைகளும், படப் புத்தகங்கள் என்று மூன்று வகை கொடுத்தார். 2016-ல் வந்த முடிவு: பொம்மை பேச ஆரம்பித்ததும் பெற்றோர் பேச்சு குறைந்துவிட்டது. ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்லும் மாறி மாறிப் பேச்சும் குறைந்தது. இதில் வியப்பு என்ன? கல்யாண வீட்டில் நாதஸ்வரம் தொடங்கினால் சம்பந்திகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கட்டையும் தம்ளரும் ஊமை; அதனால் ‘டொம்முன்னு விழுந்துச்சா? இன்னொண்ணு எங்கே?’ என்று அம்மாதான் பேசியாக வேண்டியிருக்கிறது. அந்த ஆய்வில் இருந்தது 26 ஜோடிகள் மட்டுமே. அதை வைத்து உலகத்துப் பொம்மைகளை எல்லாம் கொளுத்தச் சொன்னால் அது அடாவடி. ஆனால் காரணம் புரிகிறது, திசையும் தெரிகிறது.

கடைக்காரர் சந்தோஷப்படவும் ஒன்று வைத்திருக்கிறேன், பாதி சந்தோஷம். ஒஹையோவிலுள்ள டோலிடோ பல்கலைக்கழகத்தில், ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையான 36 பிள்ளைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, நான்கே பொம்மைகள் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். வைத்திருந்தவை கடைப் பொம்மைகள்தாம். ஆகவே பிளாஸ்டிக் பாவமில்லை, குவியல்தான் தொல்லை. நல்ல பந்து, அடுக்கும் கட்டை, ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணம் விற்கிறீர்கள் என்றால் என் ஓட்டு உங்களுக்கே.

கேள்வி: பேரன் உயர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஸ்பூனைக் கீழே போடுகிறான். எடுத்துக் கொடுத்தால் திரும்பவும் போடுகிறான். என் இடுப்புக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?
— பாட்டி, கும்பகோணம்

பதில்: பாட்டி, உங்கள் இடுப்பு அறிவியலுக்கு நேர்ந்துவிடப்பட்டிருக்கிறது. குழந்தை எப்படி அறிகிறது என்று எழுதி உலகப் புகழ் பெற்ற ஸ்விட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, 1930-களின் தொடக்கத்தில் தன் மகன் லொரானை இதே கோலத்தில் பார்த்தார். பத்து மாதத்துப் பிள்ளை படுத்துக்கொண்டு செல்லுலாய்டு அன்னம், சின்னப் பெட்டி என்று கிடைத்ததை எல்லாம் கீழே விட்டான். கையை ஒருமுறை மேலே நீட்டி விட்டான், ஒருமுறை பக்கவாட்டில் நீட்டி விட்டான், விழும் இடம் மாறுகிறதா என்று பார்த்தான். அப்பா ‘எடுடா’ என்று அதட்டாமல் குறிப்பேட்டை எடுத்தார். அதே செய்கையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் செய்து விளைவைப் பார்ப்பது ஒன்றரை வயதுக்குள் குழந்தை உலகை அறியும் வழிகளில் ஒன்று என்று அவர் எழுதினார்.

‘ஏதோ கை தவறி விழுகிறது, அதற்கு இத்தனை தத்துவமா?’ என்று தாத்தா பக்கத்திலிருந்து கேட்பார். அவருக்காக 2015-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். எய்மி ஸ்டால், லிசா ஃபைகன்சன் என்ற இருவர் 11 மாதக் குழந்தைகளுக்குக் கண்கட்டு வித்தை காட்டினார்கள். சுவரை ஊடுருவிப் போவதுபோல் தோன்றிய பொருளைக் கையில் கொடுத்ததும், குழந்தைகள் அதை ஓங்கித் தட்டிப் பார்த்தார்கள். பிடிமானமில்லாமல் அந்தரத்தில் நின்றதுபோல் தோன்றிய பொருளைக் கொடுத்ததும், கீழே போட்டுப் பார்த்தார்கள். எந்தச் சந்தேகத்துக்கு எந்தச் சோதனை என்று தெரிந்திருக்கிறது! பேரனுக்கு ஸ்பூன் ஒரு சோதனைப் பொருள். குனிந்து எடுக்கும் பாட்டி இரண்டாவது சோதனைப் பொருள். அதிலும் ஸ்பூனைவிட நீங்கள் சுவாரஸ்யம், ஏனென்றால் பத்தாவது தடவை உங்கள் முகம் மாறுகிறது. வழி கேட்டீர்கள்: பிள்ளையைத் தரையில் உட்காரவையுங்கள். விழ வேண்டிய உயரமே இருக்காது, அவனே எடுத்துக்கொள்வான்.

கேள்வி: வீட்டுச் சாமான்தான் பிடிக்கும் என்கிறீர்கள். என் மகளுக்கு ஒன்றரை வயது. அவளுக்கு வேண்டியது என் செல்போன். பொம்மை போன் கொடுத்தால் விட்டெறிகிறாள். செல்போன் எந்த ஊரில் எளிய பொருள்?
— வேலைக்குப் போகும் அம்மா, ஓசூர்

பதில்: எந்த ஊரிலும் இல்லை. எளிமைதான் காரணம் என்று சொல்பவர்களை உங்கள் மகள் ஒரே வீச்சில் கவிழ்த்துவிட்டாள். எந்தப் பொம்மைக் கடையும் தர முடியாத ஒரு மதிப்பு வீட்டுச் சாமானுக்கு உண்டு: அதைப் பெரியவர்கள் கையாளுகிறார்கள். நாள் முழுக்க அம்மா எதைக் கையில் வைத்திருக்கிறாளோ, எதைப் பார்த்துச் சிரிக்கிறாளோ, எதற்காகப் பிள்ளையை இறக்கிவிடுகிறாளோ, அதுதானே இந்த வீட்டிலேயே உயர்ந்த பொருள்? பொம்மை போனை யாரும் காதில் வைத்து ஒரு நாளும் கடன் கேட்டதில்லை, சண்டை போட்டதில்லை. பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்செலின் லில்லார்டும் சக ஆய்வாளர்களும் 3 முதல் 6 வயது வரை 100 பிள்ளைகளிடம், காய் நறுக்குவது போன்ற வேலைகளை நிஜமாகச் செய்ய ஆசையா, பாவனையாகச் செய்ய ஆசையா என்று கேட்டார்கள். பெரும்பாலும் நிஜம்தான் ஜெயித்தது. உங்கள் மகளைவிட மூத்த பிள்ளைகள் அவர்கள். ஆனாலும் சொப்புச் சாமானை ஒதுக்கிவிட்டு அடுப்பங்கரைக் கரண்டியைப் பிடுங்கும் எல்லா வீட்டுக் கதையும் இதுதான்.

அதற்காகப் போனைக் கொடுத்துவிடலாமா? கூடாது. இரண்டு வயதுக்கு முன் உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. அதோடு போனும் கடைக்காரரின் மாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். படம் ஆயிரம் மாறும். ஆனால் விரலுக்குக் கிடைப்பது ஒரே கண்ணாடி. கனமான படம், சொரசொரப்பான படம் என்று எதுவும் கிடையாது. கீழே போட்டால் மட்டும் புது அனுபவம், அதுவும் உங்களுக்கு. அவள் கேட்பது உங்கள் உலகத்தில் ஓர் உத்தியோகம். துவைத்த துணியில் சாக்ஸைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், கீரை ஆயும்போது பக்கத்தில் உட்காரவைத்து நாலு தண்டைக் கொடுங்கள். வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

கேள்வி: கடைப் பொம்மையாவது சோதித்து விற்கிறார்கள். குக்கர் வெயிட்டை விழுங்கினால் நீங்களா வந்து எடுப்பீர்கள்?
— குழந்தைகள் மருத்துவமனைச் செவிலியர், சேலம்

பதில்: சிஸ்டர், இந்த இடத்தில் நகைச்சுவையை நிறுத்திவைக்கிறேன். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அஞ்சறைப் பெட்டியைப் பொம்மையாக நினைத்து யாரும் சோதிப்பதில்லை. அந்தச் சோதனையை வீட்டில் நாம்தான் செய்ய வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பொம்மைகளை, சுமார் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். முழுசாக உள்ளே போனால் அது தொண்டையை அடைக்கக்கூடியது. குக்கர் வெயிட்டு, காசு, புளியங்கொட்டை, பட்டாணி எல்லாம் அந்த ஜாதியில்தான் சேரும். பட்டன் பேட்டரி இன்னும் மோசம். உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்தில் அரித்துவிடும், அது பெரும்பாலும் பாட்டுப் பாடும் பொம்மைக்குள்ளேயும் ரிமோட்டுக்குள்ளேயும்தான் ஒளிந்திருக்கிறது. பாலிதீன் பை கூடாது. தண்ணீர் வாளி பக்கத்தில் பிள்ளையைத் தனியே விடவே கூடாது, அரை வாளியானாலும். தம்ளர், மரக்கரண்டி, இட்லித் தட்டு, விளிம்பு வெட்டாத டப்பா மூடி, கூடை, பழைய துண்டு: இவை போதும்.

கேள்வி: தினமும் காலை ஆறு மணிக்கு மேல்வீட்டில் தம்ளர் உருள ஆரம்பிக்கிறது. உங்கள் பகுதியைப் படித்துவிட்டுத்தான் செய்கிறார்கள் என்று சந்தேகம். நிறுத்துவீர்களா?
— கீழ்வீட்டுக்காரர், சென்னை

பதில்: ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறை என்று தனிப் பருவமே ஒதுக்கி, பறை கொட்டும்படி குழந்தையை வேண்டி வேண்டிப் பாடியிருக்கிறார்கள் நம் புலவர்கள். அவர்களில் ஒருவரும் கீழ்வீட்டில் குடியிருந்ததாகத் தெரியவில்லை. மேல்வீட்டுக்கு ஒரு கனமான ஜமக்காளம் வாங்கிப் பரிசாகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கலாம். மூன்றாம் நாள், ஜமக்காளத்தில் தம்ளர் ஏன் சத்தம் போடவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பிள்ளை வெறும் தரைக்கு வந்துவிடும். அப்போது இரண்டு ஒலியும் மாறி மாறிக் கேட்கும்.