புதுப்பதிப்புப் புணரியல்

ஆபீஸ் மென்பொருளின் அடுத்த பதிப்பு வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், அதில் என்னென்ன புதிய வசதிகள் என்று பலரும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். எழுதுகிறவர்களில் ஒருவர்கூட இலக்கணம் கற்றவராகத் தெரியவில்லை. பழைய கோப்பு நிலைமொழி. புதிய பதிப்பு வருமொழி. இரண்டும் சேரும் இடத்தில் நிகழ்வது புணர்ச்சி. இதுகூடத் தெரியாமல் ‘வேகமானது, எளிமையானது’ என்று எழுதுவது விளம்பரமாகலாம், ஆய்வாகாது. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. இத்துறையில் முன்பு எவரும் எழுதாததால், இது முன்னோடி ஆய்வு என்பதையும் நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விகாரம் மூன்று என்பது நன்னூல் படித்தவர்க்குத் தெரியும்: தோன்றல், திரிதல், கெடுதல். விகாரம் எதுவும் இல்லையேல் இயல்பு. மைக்ரோசாஃப்ட் இந்நான்கையும் ஒரே பதிப்பில் நிகழ்த்தவல்லது.

முதலில் தோன்றல். நேற்றுவரை இல்லாத பட்டன் இன்று இருக்கும். 2007 பதிப்பில் எக்செல் தாளின் வரிசைகள் 65,536இலிருந்து 10,48,576 ஆகத் தோன்றின. குடியிருப்போர் சங்கத்தின் சந்தாக் கணக்கு அதற்கு முன்பும் முப்பது வரிசையில் முடிந்தது, அதற்குப் பின்பும் முப்பது வரிசையில்தான் முடிகிறது. அண்மையில் தோன்றியது கோபைலட். நாம் எழுத வேண்டியதை அது எழுதும். பெறுபவர் படிக்க வேண்டியதை அவருடைய கோபைலட் சுருக்கித் தரும். இனி மனிதர்களுக்கு இடையே கடிதப் போக்குவரத்து தேவையில்லை என்பது இதன் கருத்து. (காண்க: ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறை.)

கெடுதல். ஆபீஸ் 97உடன் உதவியாளராக வந்த காகிதக் கிளிப் 2007இல் கெட்டது. பப்ளிஷர் 2026 அக்டோபரில் கெடும். அழுவாரில்லை. கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களிடம் கோரல் டிரா இருக்கிறது.

இயல்பு. எத்தனை பதிப்பு மாறினாலும் மாறாமல் நிற்பது. எக்செலில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாள் உலகில் விடியவே இல்லை. நூற்றாண்டின் முடிவு ஆண்டு 400ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1900 வகுபடாது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் அதை லீப் ஆண்டாகக் கொண்டது. அதன் கோப்புகள் கணக்குப் பிசகாமல் திறக்க வேண்டுமே என்று எக்செலும் அந்தத் தவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டது. லோட்டஸ் போய்விட்டது, தவறு இருக்கிறது. மூலபாடம் தொலைந்த பின்னும் பாடபேதம் வாழ்வது சுவடிப் பதிப்பில் மட்டும் நடப்பதல்ல என்பது இதனால் பெறப்படும். (டெஸ்க்டாப், ‘நியூ ஃபோல்டர் 3’, அதனுள் ‘பழசு’.)

திரிதல் விரிவானது. இடம் திரிதல், பெயர் திரிதல், உருத் திரிதல் என மூன்றாம்.

இடம் திரிதலுக்கு எடுத்துக்காட்டு 2007. மெனு போய் ரிப்பன் வந்தது. அச்சிடும் கட்டளை இடப்பக்க மூலையிலிருந்த ஒரு வட்டத்துக்குள் புகுந்தது. பார்த்தவர்கள் அதை நிறுவனத்தின் சின்னம் என்று நினைத்துத் தொடாமல் விட்டார்கள். 2010இல் அந்த வட்டம் மறைந்து ‘ஃபைல்’ திரும்பி வந்தது. குருப்பெயர்ச்சிக்கு முன்கூட்டியே பலன் சொல்ல ஆளுண்டு. பட்டன் பெயர்ச்சிக்கு அந்த வசதியும் இல்லை.

பெயர் திரிதல்: 2011இல் ஆபீஸ் 365. 2020இல் மைக்ரோசாஃப்ட் 365. 2025இல் அதன் செயலி மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட். அடுத்த பதிப்பில் இன்னொரு சொல் சேரும் என்று எதிர்பார்க்கலாம். இது வேற்றுமைத் தொகையா அன்மொழித்தொகையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த அறிஞர் நானே.

உருத் திரிதல் என்பது எழுத்துரு மாற்றம். டைம்ஸ் நியூ ரோமன் 2007இல் கேலிப்ரியாகவும், கேலிப்ரி 2023இல் ஆப்டோஸாகவும் திரிந்தன. இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. பாகிஸ்தானில் 2017இல் நடந்த ஒரு பெரிய விசாரணையில் 2006 பிப்ரவரி என்று தேதியிட்ட ஆவணம் ஒன்று வந்தது. அது கேலிப்ரியில் இருந்தது. கேலிப்ரி பொதுமக்கள் கைக்குப் பரவலாக வந்ததோ 2007இல். எழுத்தின் வடிவை வைத்து ஓர் ஆவணத்தின் காலத்தைச் சந்தேகிக்க அவர்களுக்கு ஒரு விசாரணை அறிக்கை போதுமாயிருந்தது. நம்மவர்க்கு அதே வேலைக்கு நூறாண்டும், எதிரணியை வசைபாட ஒரு சிற்றிதழும் தேவைப்படுகின்றன.

எக்செல் சொற்களைத் திரிப்பதும் இவ்வியலிலேயே அடங்கும். ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று மனித மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றைத் தேதி என்று எண்ணி மாற்றிக்கொண்டே இருந்தது. 2020இல் மரபணுப் பெயரீட்டுக் குழு ஒரு முடிவுக்கு வந்தது: மென்பொருளைத் திருத்த முடியாது, மரபணுவின் பெயரைத் திருத்துவோம். அவை ‘மார்ச்எஃப்1’, ‘செப்டின்1’ ஆயின. தேதியாக்குவதை நிறுத்தும் வசதி எக்செலில் 2023இல் வந்தது. ஆய்வாளர்கள் யாருக்குப் பணிவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இனி இக்கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம்: தானியங்கித் திருத்தப் புணர்ச்சி.

1993இல் வேர்டு 6உடன் வந்த ஆட்டோகரெக்ட், வாக்கியத்தின் முதல் எழுத்தைக் கேபிடலாக்கும். ஆங்கிலத்துக்கு அது நன்மை. பாமினி எழுத்துருவில் தமிழ் அடிப்பவர்களுக்கு அது புது இலக்கணம். பாமினியில் ஸ்மால் எஃப் ‘க’, கேபிடல் எஃப் ‘கு’. ஸ்மால் எம் ‘அ’, கேபிடல் எம் ‘ஆ’. அடிப்பவர் ஒன்று நினைக்க, மென்பொருள் விதிப்படி வேறொன்று செய்யும். அவ்விதிகளை முதன்முதலாகத் தொகுத்துத் தருகிறோம்.

விதி ஒன்று: வாக்கிய முதலில் அகரமேறி நிற்கும் உயிர்மெய் உகரமேறும். ‘மதிப்பிற்குரிய’ என்பது ‘முதிப்பிற்குரிய’ ஆகும். ‘வணக்கம்’ வுணக்கம். ‘நன்றி’ நுன்றி. இவ்விதி என்னுதலிற்றோ எனின், விண்ணப்பதாரரின் மரியாதை முதலெழுத்திலேயே கெடும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று.

விதி இரண்டு: குறில் நெடிலாகும். ‘அனுப்புநர்’ ஆனுப்புநர். ‘எனவே’ ஏனவே. எகர ஒகரம் ஏறிய உயிர்மெய்யும் இவ்வாறே நீளும். ‘பெறுநர்’ பேறுநர். ‘பொருள்: பட்டா மாறுதல் வேண்டி’ என்பது ‘போருள்: பட்டா மாறுதல் வேண்டி’ ஆகும். இங்கே உரையாசிரியர்கள் முரண்படுகிறார்கள். டைப்பிஸ்ட் உரை, இதை எழுத்துப்பிழை என்று தள்ளும். ஜெராக்ஸ் கடை உரை, பட்டா மாறுதலில் போர் உள் இருப்பதால் ‘போருள்’ என்பதே மூலபாடம் என்று கொள்ளும். நுட்பமான உரை இதுவே. ஐ.டி. பிரிவு உரை எல்லா நூற்பாவுக்கும் ஒன்றுதான்: ரீஸ்டார்ட் செய்க.

விதி மூன்று: முதலில் நிற்கும் ஐகாரக் குறி எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்து நிற்கும். ‘கைபேசி’ ஐகபேசி. இது சிறுபான்மை.

விதி நான்கு சிக்கலானது. ஆட்டோகரெக்ட் தொடக்கத்தில் இரண்டு கேபிடல் சேர்ந்து வந்தால் பொறுக்காது, இரண்டாவதைச் சிறிதாக்கப் பார்க்கும். பாமினியில் ‘முருகன்’ இரண்டு கேபிடலில் தொடங்குவதால் ‘முரகன்’ ஆகிறான். ‘புதுக்கோட்டை’ புதக்கோட்டை. ஆக, முதல் விதி கேளாமலே உகரம் கொடுக்கும், நான்காம் விதி வைத்திருப்பவனிடமிருந்து பிடுங்கும். ஒரே நூலில் ஆக்கமும் கேடும் முரணாக வருதல் குற்றமன்றோ எனின், அன்று. அரசு அலுவலகங்களில் இரண்டும் ஒரே மேசையில் நிகழ்தலின் அமைந்தது என்க. (ஜெராக்ஸ் கடை, ஜன்னல் ஓரக் கணினி, டி டிரைவ், ‘கஸ்டமர்’ > ‘அர்ஜென்ட்’ > ‘காப்பி ஆஃப் அர்ஜென்ட்’, ‘பெட்டிஷன் ஃபைனல் கரெக்டட் நியூ 2’ என்ற கோப்பு, மூன்றாம் பக்கம், டீ சிந்திய பிரதியில் இடப்புறம். ஆனால் அதே கோப்புறையிலுள்ள ‘ஃபைனல் ஃபைனல்’ பாடம் வேறுபடுகிறது. அதைப் பென்டிரைவில் கொண்டுபோனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.)

புறனடை ஒன்று உண்டு. பாமினியில் ‘ஐ’ முன்பே கேபிடல் விசையில் இருப்பதால் ‘ஐயா’ எந்தத் திருத்தத்துக்கும் அசையாது. ‘அம்மா’ என்று தொடங்கினால் ‘ஆம்மா’. மேலதிகாரி ஆணென்றால் விண்ணப்பம் பிழையின்றிச் சேரும், பெண்ணென்றால் சேராது. இதில் இரண்டு கருத்தரங்குக் கட்டுரைகளுக்கான விஷயம் இருக்கிறது. ஒன்றைத் தலைப்பு மாற்றி நான்கு ஊரில் வாசிக்கலாம். இவ்விதிகள் எல்லாம் தொல்காப்பியத்திலேயே உள்ளன என்று நிறுவும் நூல் இன்னும் வெளிவராததுதான் எனக்கு வியப்பு.

‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ப்ரூஃபிங்’, ‘ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்’ என்று போய் இரண்டு டிக்குகளை எடுத்துவிட்டால் இவ்வளவும் நின்றுவிடும் என்று சிலர் கூறுவர். ஒருங்குறியில் அடித்தால் டிக்கைக்கூட எடுக்க வேண்டாம், தமிழுக்குத்தான் கேபிடல் எழுத்தே கிடையாதே என்று கூறுவாரும் உளர். தமிழ்நாடு அரசும் 2010இலேயே ஒருங்குறிக்கு ஆணையிட்டுவிட்டது. இரண்டும் சரியே. ஆனால் அவ்வாறு செய்தால் நான்கு விதிக்கும் ஒரு புறனடைக்கும் எடுத்துக்காட்டு கிடைக்காமல் போகும். எனவே இத்துறையின் நலன் கருதி, அந்த டிக்குகளை யாரும் தொடக் கூடாது என்று பரிந்துரைக்கிறோம்.