சூடிக் கொடுத்த தட்டு: கூமாப்பட்டி வட்டார இசைத்தட்டுப் பரிமாற்றம் குறித்த ஆய்வு

கூமாப்பட்டி என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் ‘ஏங்க’ என்கிறார். 2025இல் ஓர் இன்ஸ்டாகிராம் ரீல் கிளப்பிவிட்ட அந்த விளிச்சொல்லைக் கேட்டு, வத்திராயிருப்புப் பக்கம் மேற்குமலை அடிவாரத்தில் கிடக்கும் இந்த ஊருக்குக் காரும் வேனுமாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். பிளவக்கல் அணையைப் பார்த்தார்கள், தென்னந்தோப்பைப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். எந்த வீட்டுப் பரணிலும் என்ன இருக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தமிழ் ஆய்வுலகின் இந்தப் பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வு எல்லை: கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். ஆய்வுக் காலம்: மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். கருவிகள்: ஒரு டார்ச் லைட், தும்மலுக்கு ஒரு துண்டு. நிதி நல்கை: வீட்டுக்காரிக்குத் தெரியாமல் எடுத்தது.

முதலில் பொருள் வரையறை. இசைத்தட்டு என்பது நூல் வழக்கு; ரெக்கார்டு என்பது உலக வழக்கு; பிளேட்டு என்பது ரேடியோ செட் கட்டுகிறவர்களின் குழூஉக்குறி. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றுவது அரக்குத் தட்டு. காட்டு மரங்களில் அரக்குப் பூச்சி கக்கியதோடு கல்மாவைக் கலந்து, 1908 முதல் கொல்கத்தாவின் சியால்தாவிலும், 1928 முதல் டம்டமிலும் கிராமபோன் கம்பெனி அதை அச்சடித்தது. துரியோதனன் பாண்டவர்களுக்குக் கட்டிக்கொடுத்த மாளிகையும் இதே சரக்குதான். அவசரப்பட்டுக் கொளுத்தாமல் இருந்திருந்தால் அஸ்தினாபுரத்துக்கே பாட்டுப் போட்டிருக்கலாம். இந்தத் தட்டு கீழே விழுந்தால் அப்பளம். பின்னால் வந்த 45, 33⅓ சுற்றுத் தட்டுகள் வினைல், அப்படி நொறுங்காது. ஆனால் ஓட்டுக்கூரைக்கு அடியில் இரண்டு கத்திரி வெயில் கண்டால் முறுகல் தோசை மாதிரி ஓரம் தூக்கிக்கொள்ளும்.

மேலை நாடுகள் 78ஐ மூட்டை கட்டிய பிறகும், கரண்டு எட்டிப்பார்க்காத நம் ஊர்களில் சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் 1960களிலும் இங்கே அரக்குத் தட்டு அச்சாயிற்று. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட 78 சுற்றில் வந்தன. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த இந்தியத் தட்டுகளைத் தேடி அலைகிறார்கள். நமக்குக் கரண்டு தாமதமாக வந்ததற்கு உலக அளவில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஒப்பாய்வு இல்லாத ஆய்வு உப்பில்லாப் பண்டம். ஆகவே இங்கிலாந்து போவோம். டிக்கெட் நல்கையில் அடங்காததால் மனத்தளவில். அந்நாட்டின் வடக்கே பஞ்சாலையும் நிலக்கரியும் பிழைப்பாக இருந்த விகன் என்றொரு ஊர். அங்கே 1973 முதல் 1981 வரை ‘விகன் கசீனோ’ என்ற மண்டபத்தில், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் இசைத்தட்டுகளைப் போட்டு விடிய விடிய ஆடினார்கள். நாடறிந்த பாட்டுக்கு அங்கே மரியாதை இல்லை. அமெரிக்காவிலேயே விலைபோகாமல் முடங்கிய பாட்டுக்குத்தான் கிராக்கி. போட்டிக்காரன் பெயரைப் படித்துவிடுவான் என்று தட்டின் லேபிள்மேல் தாளை ஒட்டி மறைத்து ஓட்டியவர்களும் உண்டு. ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ஒரு பாட்டு, கடைக்கு வராமலே கைவிடப்பட்டது. விரல்விட்டு எண்ணத்தக்க படிகளே தப்பின. அதில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்குப் போயிற்று. அந்த லேபிளின் பெயரே ‘சோல்’, அதாவது ஆத்மா. ஆத்மாவுக்கு இன்னும் சந்தையில் இவ்வளவு விலை இருப்பது ஆறுதலான செய்தி.

பஞ்சாலைக்கும் தட்டுப் பைத்தியத்துக்கும் உறவு உண்டா? ராஜபாளையத்தில் 1936லேயே நூற்பாலை வந்துவிட்டது. பகல் முழுக்கக் கதிர் சுற்றுவதைப் பார்த்த கண்ணுக்கு ராத்திரியும் ஏதாவது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கருதுகோள். மறுக்க விரும்புகிறவர்கள் ஷிப்ட் முடிந்து வரவும்.

ராஜபாளையம் என்றால் நாயைச் சொல்லாமல் நகர முடியாது. எச்.எம்.வி. தட்டில் குழாய்க்கு முன் தலை சாய்த்து உட்கார்ந்திருப்பது நிப்பர் என்ற டெரியர். 1890களின் கடைசியில் ஃபிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் வரைந்தது. செத்துப்போன எசமானின் குரலை அது கேட்கிறது என்பது ஐதீகம். 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்த நம் ராஜபாளையம் நாயை அந்த இடத்தில் உட்கார வைத்திருந்தால்? முகம் தெரியாதவன் குரல் குழாய்க்குள்ளிருந்து வந்தால் அது கேட்டுக்கொண்டிருக்காது. குழாயைக் கவ்வி உள்ளே இருப்பவனை வெளியே இழுத்துப் போட்டிருக்கும். இசைத்தட்டுத் தொழில் அன்றோடு முடிந்திருக்கும். வெள்ளைக்காரன் நாயைத் தேர்ந்தெடுத்ததில் வியாபார சூட்சுமம் இருக்கிறது.

இனி விலை. உலகச் சந்தையில் தட்டுக்குத் தரம் போடும் முறை ஒன்று உண்டு. முள் படாதது ‘மின்ட்’. அதற்கடுத்து ‘நியர் மின்ட்’. பிறகு ‘வெரி குட்’. வெறுமனே ‘குட்’ என்று போட்டிருந்தால் மோசம் என்று அர்த்தம். மாப்பிள்ளையைப் பற்றிப் பெண் வீட்டார் விசாரிக்கும்போது ‘பையன் நல்ல பையன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போல. இம்முறையின் அடிப்படை ஒன்றே: எவ்வளவு குறைவாகப் பாடியதோ அவ்வளவு விலை. ஒரு தடவைகூடப் பாடாத தட்டே உத்தமம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணில் நின்றுகொண்டு இதை ஏற்க முடியாது. இங்கே ஒரு பெண் மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டுத்தான் பெருமாளுக்குக் கொடுத்தாள். புத்தம்புது மாலையைப் பெருமாள் வேண்டாம் என்றுவிட்டார். இன்றைக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது, சித்திரைத் திருவிழாவுக்கு அழகரிடம் போகிறது. உபயோகித்த பொருளுக்கு உபயோகிக்காத பொருளைவிட மதிப்பு அதிகம் என்று நிறுவிய உலகின் முதல் ஊர் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இதை நான் ‘சூடிக் கொடுத்த கோட்பாடு’ என்று அழைக்கிறேன். முள் பட்டுத் தேய்ந்த தட்டே தட்டு. ஆக, இந்த வட்டாரத்துக்கு உகந்த தர வரிசை மூன்றே படிதான்: பாடும், தட்டிக் கொடுத்தால் பாடும், தண்ணிப் பானைக்கு மூடலாம். மூன்றாம் வகைக்கு ஒரு வீட்டில் கண்கண்ட சான்று கிடைத்தது. டம்ளர் வைக்க நடு ஓட்டை தோதாக இல்லை என்பது மட்டுமே அவர்கள் குறை.

கோட்பாட்டை அலட்சியம் செய்து நான் பட்ட பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். அன்னக்கிளிக்கு (1976) அப்புறம் வந்த இளையராஜா தட்டுகளை வெளிநாட்டு டி.ஜே.க்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்கக் குழு 2003இல் தன் ‘எலிஃபங்க்’ தொகுப்பில், ஸ்ரீ ராகவேந்திரர் (1985) படத்துப் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் செருகியது. மந்திராலய மகானின் படத்திலிருந்து ஆட்டத்துக்கு மெட்டு எடுத்தவர்களின் ஆத்ம தாகத்தை மெச்சி, அந்தப் படத்துத் தட்டைப் பெருநகரக் கடை ஒன்றில் ‘கசங்காத உறை’ என்ற சிபாரிசோடு நல்ல விலை கொடுத்து வாங்கினேன். உறை கசங்கவில்லைதான். உள்ளே இருந்தது கந்த சஷ்டி கவசம். மகானின் உறைக்குள் முருகன்: சைவ வைணவ சமரசத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம். பணம் திரும்பவில்லை, அன்று வீட்டில் என்னைக் காத்தது அந்தக் கவசம்தான்.

தேய்ந்த தட்டுக்கு இலக்கணம் உண்டா என்றால், நம் புலவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். விகாரப் புணர்ச்சி மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பாட்டில் இல்லாத ‘டிக் டிக்’ புகுந்தால் தோன்றல். தட்டு நெளிந்து, சுசீலாவின் குரல் கிணற்றுக்குள் இறங்கி ஏறினால் திரிதல். முள் தாவி ஒரு வரியே காணாமல் போனால் கெடுதல். முள் முன்னே தாவாமல் பின்னே வந்து அதே பள்ளத்தில் விழுந்தால் அது அடுக்குத்தொடர். இசைநிறைக்கு ஒரு சொல் நான்கு முறை வரை அடுக்கலாம் என்பது நன்னூல் போட்ட எல்லை. எல்பி தட்டில் ஒரு சுற்று சரியாக 1.8 வினாடி, ஆக 7.2 வினாடிக்குள் செட்டுக்காரர் ஓடி வந்து முள்ளைத் தட்டிவிட வேண்டும். பந்தியில் உட்கார்ந்துவிட்டால் இலக்கணப் பிழை. இதைத் தடுக்க முள்ளின் தலையில் ஒரு நாலணாக் காசை வைப்பார்கள். எடை கூடி முள் பள்ளத்தை அழுத்திப் பிடிக்கும். பாட்டு நேராகும், தட்டு இன்னும் கொஞ்சம் சீக்கிரம் தேயும். அரசாங்கம் செல்லாது என்று அறிவித்த காசுக்கு இங்கே இன்னும் வேலை இருக்கிறது.

கள ஆய்வின் மூன்றாம் ஞாயிறு, கூமாப்பட்டியில் ஒரு பழைய செட்டுக்காரரைச் சந்தித்தேன். எழுபதை நெருங்கும் வயது. கேசட் வந்த பிறகு தட்டுகளைத் தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றியவர். ஆம்ப்ளிஃபயர் மட்டும் இன்னும் திண்ணையில். ஒவ்வொரு தட்டின் லேபிளிலும் பச்சைப் பெயின்டில் அவர் செட்டின் இரண்டெழுத்து. விகன்காரர்கள் பாட்டுப் பெயர் தெரியக் கூடாதென்று மறைத்தார்கள். இவர் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டுமென்று மறைத்திருக்கிறார். கோயில் கொடையோ காதுகுத்தோ, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, அடுத்து எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, அதற்குப் பிறகுதான் சினிமா. மத்தியானச் சாப்பாடு செரிக்கத் திருவிளையாடல் (1965) வசனம். அந்தத் தட்டில் ஓரிடத்தில் தருமி பேச்சு துள்ளும். தெருப் பிள்ளைகள் துள்ளலோடு சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தார்கள் என்றார்.

பெட்டியின் அடியில் இருந்தது நான் தேடி வந்த தட்டு: சாரதா (1962) படத்து மணமகள் பாட்டு. மணப்பெண் வாசல்படி ஏறும்போது இதைப் போடாத செட்டுக்காரருக்குப் பாக்கிப் பணம் வராது. அதனால் இதைவிடத் தேய்ந்த தட்டு தமிழ்நாட்டில் இருக்க முடியாது. என் கோட்பாட்டின்படி உத்தமோத்தமம்.

“இந்தக் கீறல் எப்படி விழுந்துச்சு அண்ணாச்சி?”

“ராஜபாளையம் பக்கம் ஒரு கல்யாணம், தம்பி. மாப்பிள்ளையோட சித்தப்பா ஆம்ப்ளிஃபயர் மேல காப்பி டம்ளர வைக்கப் போனாரு. கை தட்டிருச்சு.”

மூல வரலாறு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த பொருள் அருங்காட்சியகங்களிலும் அபூர்வம். பரிமாற்றப் பேச்சைத் தொடங்கினேன். அதே பாட்டின் கீறல் விழாத தட்டு என் பையில் இருந்தது. கூடவே ஒரு கிலோ பால்கோவா. பால்கோவாவை வாங்கி உள்ளே கொடுத்தார். தட்டைச் சூரியனுக்குக் காட்டி, சாய்த்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

“கண்ணாடி கணக்கா இருக்கு. போட்டுப் பாத்துருவோம்.”

வேட்டி நுனியால் ஒரு துடைப்பு. முள்ளை வைத்தார். காசுக்கு அவசியமே இல்லை. பாட்டு முதல் சரணம் தாண்டி, இரண்டாவதில் நுழைந்து, ஒரு சொல்லும் கெடாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தம் நின்றது.

“ஏங்க,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “பாட்டு தப்பா ஓடுதுங்க. நடுவுல என்னமோ புதுசா வருது.”

அவர் முள்ளைத் தூக்கி, என் தட்டை உறைக்குள் போட்டு, என் பையிலேயே வைத்தார். பால்கோவா திரும்பி வரவில்லை.