போடிமெட்டு ஏறிய ஜீப்

பழைய மகிந்திரா ஜீப்பைப் புதுப்பித்து விற்பவர்கள் இன்று கோவையிலும் சென்னையிலும் சொல்லும் விலைக்கு, ஷோரூமிலிருந்து ஒரு புதுக் காரையே எடுத்துவிடலாம். ராணுவப் பச்சை அடித்து, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் வரைந்து, பின்னால் ஒரு ஜெர்ரிகேனை மாட்டி நிறுத்தியிருப்பார்கள். வாங்கியவர் வானம் இருட்டியதுமே அதை ஷெட்டுக்குள் விட்டுத் துணி போர்த்திவிடுகிறார். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் போடிநாயக்கனூரில் எல்லாம் இதற்கு நேர் எதிர். மாப்பிள்ளை வீட்டு வாசலில் அம்பாசடர் நின்றால் பெண் வீட்டாருக்கு முகம் மலரும். ஜீப் நின்றால், "மலைக்கு ஆள் ஏத்துறவங்களா?" என்று இழுப்பார்கள். வானம் இருட்டினால்தான் ஜீப்பைத் தேடி ஆள் வரும். மற்ற வண்டி எதுவும் அந்தச் சேற்றில் ஏறாது.

எங்கள் பெரியப்பா ஓட்டியது சிஜே-3பி என்கிற குட்டை ஜீப். ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் உழைத்து, பிறகு தவணையில் அவர் கைக்கு வந்த வண்டி. விடிவதற்கு முன்பே போடியில் ஆள் ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டு. அங்கிருந்து கேரள எல்லைக்குள் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுகள். தார் ரோடு முடிகிற இடத்தில் பெரியப்பா ஒரு நிமிஷம் நிறுத்துவார். மெயின் கியருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டைக் கம்பிகள் இருக்கும். ஒன்று முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுப்பது, இன்னொன்று லோ கியர். முதல் கம்பியைப் போடாமல் இரண்டாவது விழாது; கியர்பெட்டியின் அமைப்பே அப்படி. "முன்னால இழுக்க ஆள் இல்லாம முழு பலத்தையும் பின்னால குடுத்தா ஆக்ஸில் முறிஞ்சு போகும் தாயி. அதான் தடுத்து வச்சிருக்கான்" என்பார். திரும்பி வந்து தார் ரோட்டைத் தொட்டதும் முதல் வேலையாக இரண்டையும் எடுத்துவிடுவார். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேறு என்றால் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் அதற்கு வழியில்லாததால் ஸ்டீயரிங் இறுகும், கியரின் பல் தேயும். பள்ளிக்கூடம் போகாத பெரியப்பாவுக்கு இது கையிலும் காலிலும் தெரிந்திருந்தது.

பின்னால் இரண்டு பக்கமும் நீளவாட்டில் பலகை. தூக்குவாளியும் கொங்காணியுமாகப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் இறங்கும்போது அவர்கள் காலடியில் பச்சைக்காய் மூட்டை. நனைந்த சாக்கு, ஏலக்காய், டீசல் மூன்றும் சேர்ந்த வாசனை பெரியப்பா சட்டையிலிருந்து ஒருநாளும் போனதில்லை.

டீசல் என்று சொல்லிவிட்டேன். அந்த ஜீப் பம்பாயிலிருந்து வந்தபோது அதில் இருந்தது பெட்ரோல் எஞ்சின். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் எஞ்சினில் இரண்டு வகை வால்வுகளும் பிளாக்குக்குள்ளேயே பக்கவாட்டில் இருந்தன. பிறகு வந்த ஹரிகேன் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே நுழையும் வால்வை மேலே, ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். பலம் கூடியது, எஞ்சினின் உயரமும் கூடியது. அதற்கு இடம்விட பானெட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. சிஜே-3பிக்கு அந்த நிமிர்ந்த முகம் வந்தது இப்படித்தான். எனக்குப் பிடித்த முகம் அது. ஆனால் 1973க்குப் பிறகு உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது, ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்களுக்குப் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. நாடெங்கும் ஜீப்புகளில் மாட்டடோர் எஞ்சினும் பெர்க்கின்ஸ் எஞ்சினும் ஏறின. பெரியப்பாவும் மாட்டடோர் டீசலுக்கு மாறினார். மவுண்டிங்கை வெட்டி ஒட்டினார்கள், மேலே கேரியர் அடித்தார்கள், பின்னால் இரும்புப் படி வைத்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் மாற்றத்தையும் முறையாகப் பதிந்துகொண்டார். இந்த மாற்றங்கள் இல்லையென்றால் அந்த வண்டி அன்றே பழைய இரும்பாகியிருக்கும்.

கமாண்டர், ட்ராக்ஸ் போன்ற பெரிய வண்டிகள் வந்தபின் குட்டை ஜீப்புகளுக்கு மவுசு போயிற்று. பெரியப்பாவுக்கு முழங்காலும் போயிற்று. வண்டி காயலான் கடைக்கு எடை போட்டுப் போனது. அந்தக் காலத்தில் போடியிலும் கம்பத்திலும் இப்படி எடைக்குப் போன ஜீப்புகள் ஏராளம்.

பல வருஷம் கழித்து, பூப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டின் காய் உலர்த்தும் ஷெட்டுக்குப் பின்னால் அதே மாடலில் ஒன்றைப் பார்த்து வாங்கினேன். பழைய ஜீப் வாங்க நினைப்பவர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன்: பெயிண்டைப் பார்க்காதீர்கள், முதலில் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். சேஸிஸ் நம்பரை உப்புத்தாளால் தேய்த்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். எஞ்சின் மாறியிருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸிஸ் சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீர் என்று பேசும். உள்ளே துரு தின்ற இடம் மொத்தையாக ஒலிக்கும். முன்சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் உருண்டை வடிவ இரும்புக் கூட்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அதன் மேல் குழி விழுந்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஆயில் ஒழுகும். எஞ்சினைப் பற்றிக் கடைசியாகக் கவலைப்படலாம், கோவை லேத்துக்காரர்களால் சரிசெய்ய முடியாத எஞ்சின் குறைவு. பழைய ஜீப்பைச் சோதித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்ற பாடத்தைச் சுதந்திரம் வாங்கிய மறுவருஷமே நம் நாடு படித்தது. காஷ்மீர்ப் போருக்காக, புதுப்பித்த பழைய ஜீப்புகளை வாங்க 1948இல் லண்டனிலிருந்த இந்திய ஹைகமிஷன் மூலம் ஒப்பந்தம் போட்டார்கள். வந்து சேர்ந்த 155 ஜீப்பும் உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று ராணுவம் ஏற்க மறுத்துவிட்டது.

என் வண்டி கோவைக்குப் போனது. பட்டறைத் தம்பி இளைஞர், கை சுத்தம், கணக்கும் சுத்தம். பாடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதுல டிங்கர் வேலை பார்க்கிற காசுக்கு டப்வாலிலேர்ந்து புது பாடியே இறக்கிடலாம். பழசைக் கழட்டி எறிஞ்சுடுவோம்" என்றார். அவர் சொன்ன கணக்கு சரிதான். ஹரியானாவில் பஞ்சாப் எல்லையை ஒட்டியிருக்கும் மண்டி டப்வாலியில் ஜீப் பாடி அடிப்பது பெரிய தொழில், இந்தியா முழுக்க அங்கிருந்து போகிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. தரைத்தகட்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக வைக்கச் சொன்னேன். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது நானே பக்கத்தில் நின்றேன். மேலே சிவப்பு, அதற்கடியில் பட்டி, அதற்கும் அடியில் வெளிர்நீலம். அந்த நீலத்தின் மேல் வெள்ளை எழுத்தில் எஸ்டேட்டின் பெயர். பெயிண்டர் பிரஷால் எழுதிய தமிழ் எழுத்து. ஒவ்வொரு எழுத்தின் முடிவிலும் சின்னச் சுழிப்பு. இதையெல்லாம் கழட்டி எறிந்திருந்தால் என் கையில் மிஞ்சியிருப்பது ஒரு சேஸிஸ் நம்பர்தான்.

அடுத்து நிறத்தைப் பற்றிய பேச்சு வந்தது. "எல்லாரும் மிலிட்டரி பச்சைதான் கேக்குறாங்கக்கா. நட்சத்திரம் போட்டாத்தான் ஒரிஜினல் மாதிரி இருக்கும்." இதைப் பல பேர் நம்புகிறார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஜீப்பின் முதல் மாதிரியை அமெரிக்காவின் பான்டம் கம்பெனி 1940இல் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போருக்காக 6 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். வெள்ளை நட்சத்திரம் அந்த வண்டிகளுக்கு உரியது. பானெட் உயர்ந்த சிஜே-3பி அமெரிக்காவில் வெளிவந்ததே 1953இல், உலகப் போர் முடிந்து 8 வருஷம் கழித்து. அந்தப் போரை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. போர்க்காலத்தில் இந்தியச் சப்ளை மிஷனுக்காக அமெரிக்காவில் இருந்த கே.சி. மகிந்திரா அங்கே வில்லிஸின் பொறியாளர் பார்னி ரூஸைச் சந்தித்தார். அந்தத் தொடர்பில் 1947இல் பம்பாயில் ஜீப் பூட்டும் வேலை தொடங்கியது. நம் ஜீப்பின் கதை அங்கே ஆரம்பித்து, வயலுக்கும் மலைக்கும் அணைக்கட்டு வேலைக்கும் தேர்தல் பெட்டிக்கும் போன கதை.

ராணுவ வண்டிதான் வேண்டும் என்பவருக்கும் நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் நம் ராணுவ வீரர் அப்துல் ஹமீத் ஜீப் மேல் பொருத்திய பீரங்கியோடு போய், எதிர்த்து வந்த பாகிஸ்தான் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்தார். அங்கேயே உயிரையும் கொடுத்தார். பரம்வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது அதற்காகத்தான். பம்பாயில் பூட்டி, இந்திய மண்ணில் ஓடிய வண்டியில் அமெரிக்க நட்சத்திரத்தை ஒட்டுவது அந்த வண்டிக்கும் மரியாதை இல்லை, அவருக்கும் மரியாதை இல்லை. இதை நான் கோபமாகவே சொல்கிறேன். தம்பி கேட்டுவிட்டு, "அப்ப நீலமே அடிச்சிடுவோம்க்கா" என்றார். எழுத்தை வரைய ஒரு பழைய சைன்போர்டு பெயிண்டரையும் தேடிப் பிடித்தார்.

நம் ஜீப்பின் விஷயத்தில் வரலாறு எடுத்த திருப்பமும் சாதாரணமானது அல்ல. ஜீப்பைப் பூட்டித் தொழில் கற்ற மகிந்திரா, அந்த வடிவத்திலேயே ராக்ஸர் என்ற வண்டியை 2018இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. ஜீப் பெயரை வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர் வழக்குப் போட்டது. அந்த முகமும் உடலமைப்பும் ஜீப்புக்கே உரியவை என்று அமெரிக்க சர்வதேச வணிக ஆணையம் 2020 ஜூனில் முடிவு சொன்னது. மகிந்திரா முகத்தை மாற்றியபிறகுதான் அங்கே மறுபடி விற்க முடிந்தது. எழுபது வருஷம் நம் மலைகளில் சேற்றைக் குடித்த முகம் அது என்பதை அந்த ஆணையம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய கடமையும் அதற்கு இல்லைதான்.

ஆனால் நம் சட்டம் பார்த்திருக்கலாம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் முதலில் வந்த வடிவத்திலேயே இருந்தால், புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டி வி.ஏ. என்ற வரிசையில் நம்பர் வாங்கலாம். கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்க்கவும் பெட்ரோல் போடவும் ஓட்டலாம். தினசரி வேலைக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. நோக்கம் நல்லது. இப்படி ஒரு ஏற்பாடு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் மலை ஜீப்புகளை அதில் வைத்துப் பாருங்கள். எந்த டீசல் எஞ்சின் அவற்றைக் காயலான் கடையிலிருந்து காப்பாற்றியதோ, அதுவே இப்போது அவற்றைப் பாரம்பரியத்துக்கு வெளியே தள்ளுகிறது. உழைக்காமல் ஷெட்டில் கிடந்த வண்டி ஒரிஜினல். அரை நூற்றாண்டு ஆள் சுமந்தது வெறும் பழைய வண்டி. எஞ்சின் எந்தக் காலத்தில், எதற்காக மாறியது என்பதும் வரலாறுதான். பழைய ஆர்.சி. புத்தகமே அதற்குச் சான்று. அதை ஏற்றுக்கொள்ள விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். என் வண்டியில் மாட்டடோர் எஞ்சின் அப்படியே இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு எங்கிருந்தோ ஒரு ஹரிகேனைத் தேடிக் கொண்டுவந்து வைத்தால் மதிப்பு கூடும் என்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

இன்றைக்கும் விடிவதற்கு முன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் போய் நின்று பாருங்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும் ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பும். அந்த நேரத்திலேயே, மலைக்கு அந்தப்பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்புகள் ஏறும். அவற்றில் சூரியோதயம் பார்க்கப் பணம் கட்டி வந்தவர்கள். இரண்டிலும் ஒரே குலுக்கல், ஒரே லோ கியர், ஒரே மாதிரிக் கல் ரோடு. ஒரு கூட்டம் அந்தக் குலுக்கலைப் படம் பிடித்துக்கொண்டு போகிறது. இன்னொரு கூட்டம் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. பழைய ஜீப்பை நேசிக்கிறவர்கள் முதலில் பேச வேண்டியது இந்த வேலை ஜீப் டிரைவர்களிடம். எந்த வளைவில் எந்த கியர், எந்தக் கம்பெனி ஸ்பிரிங் பிளேட் நிற்கும், எந்த வருஷம் எந்த எஞ்சின் ஏறியது என்பதெல்லாம் இன்னும் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. பெரியப்பா காலத்து ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நான் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் ஆர்.சி. நகலோடு ஒரு பக்கம்.

பெரியப்பா மகனுக்கு, என் அண்ணனுக்கு, சாந்தன்பாறைக்கு உள்ளே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. ஜீப் இப்போது அவரிடம்தான் நிற்கிறது. போன வாரம் பேசும்போது, "வண்டி அருமையா இழுக்குதும்மா. ஆனா மூட்டை ஏத்துனா பின்னாடி உக்காந்துருது, இன்னொரு பிளேட்டு போடணும்" என்றார். போடியில் சொல்லியாயிற்று. காய் பறிப்பு தொடங்குவதற்குள் ஆகிவிடும்.